நாலு விரல் இடைவெளி

அந்தச் சத்தம் அவளுடைய இடது காதில் கேட்டது. வேறு யாருக்காவது என்றால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. அவளுடைய இடது காது செத்து மூன்று வருஷம் ஆகிறது.

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைச் சமையல் மேடைமேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேல்வீட்டு வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் கிடந்து உதறுவதும், படுக்கையறை மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிடுவதும், மூடியும் மூடாத குழாய் சொட்டுவதும், உள்ளே கணவன் மாத்திரை மயக்கத்தில் விடும் குறட்டையும் வழக்கம்போல வலது காது வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. இடது பக்கம் பஞ்சு அடைத்தாற்போல ஒன்றுமே இல்லாமல் கிடந்தது. அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்துதான் அது வந்தது. ஈரத்துணியை யாரோ அவசரமே இல்லாமல் முறுக்குவதுபோல ஓர் இழுவை. அதன் முடிவில் சின்னதாக ஒரு சொடக்கு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடி இழுவை, மறுபடி சொடக்கு.

வலது காதை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தாள். மெஷின் போயிற்று, விசிறி போயிற்று, குறட்டை போயிற்று. அது மட்டும் போகவில்லை. மற்றதெல்லாம் ஒழிந்ததும் இன்னும் தெளிவாகக் கேட்டது.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படுக்கையறை வாசலுக்குப் போனாள். அவன் மல்லாந்து கிடந்தான். கட்டுப்போட்ட வலது கை டாக்டர் சொன்னபடி தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது: கை, காய் நறுக்கும் பலகையோடு சேர்த்து ஒரு துண்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கட்டியவள் அவள்தான். விரல்கள் நீட்டியபடியே இருந்தன, அசைவு இல்லை. சத்தமும் நின்றுபோயிருந்தது. துண்டின் முடிச்சு மட்டும் லேசாக நெகிழ்ந்திருந்தது. துணிதானே, நெகிழும் என்று சொல்லிக்கொண்டு, அவனை எழுப்பாமல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

பேச்சில் அவள் அவனை 'ஏங்க', 'அவரு' என்பாள். மனசுக்குள் அவன் 'அவன்' ஆகி வெகுகாலம் ஆயிற்று. கதை அவள் மனசுக்குள் நடப்பதால் நாமும் அவன் என்றே வைத்துக்கொள்வோம். மரியாதை போய்விட்டதென்று அவனுடைய அக்கா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அவன் டயர்க்கடை வைத்திருக்கிறான். லாரி டயரைச் சக்கரத்திலிருந்து நெம்பிக் கழற்றுகிற கை அவனுடையது. எத்தனை சோப்பு போட்டாலும் ரப்பர் வாசனை போகாது. கடையில் தங்கமான மனுஷன் என்று பெயர். வீட்டில் அதே கை என்ன செய்யும் என்பதற்கு அவளுடைய இடது காது ஒரு சாட்சி, வளைந்துபோன விலா எலும்பு ஒரு சாட்சி. "கோபம் வந்தா கை நீட்டுவான், மத்தபடி குழந்தை மாதிரி" என்று கீழ்வீட்டிலேயே இருக்கும் அவனுடைய அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். குழந்தை ஒருநாள் கையை ஓங்கி வந்தபோது இவள் குனிந்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான். குத்து அலமாரிக் கண்ணாடியில் இறங்கியது. உள்ளங்கை குறுக்காகக் கிழிந்து, விரல்களை உள்ளே இழுத்து மடக்குகிற நாண்கள் அறுந்துபோயின. "அலமாரி சாஞ்சிடுச்சு டாக்டர்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னவளும் அவள்தான்.

தைத்தார்கள். காயம் ஆறியது. தேவைக்கு மேலேயே ஆறிவிட்டது. உள்ளே தழும்பு வளர்ந்து, நாண்களைப் பக்கத்திலிருந்த சதையோடும் எலும்போடும் சேர்த்து ஒட்டிப்போட்டது. யாராவது பிடித்து மடக்கினால் விரல் மடங்கும். அவனாக மடக்கப் பார்த்தால் மடங்காது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பல்லைக் கடித்து அவன் முயலும்போதெல்லாம் அந்த நாலு விரலும் யாரையோ 'கொஞ்சம் பொறு' என்று தடுப்பதுபோல நீட்டிக்கொண்டே நிற்கும்.

எட்டு மாதம் அப்படி நின்றன. எட்டு மாதமும் அந்த வீட்டில் ஓர் அடி விழவில்லை. இடது கையால் முயன்று பார்த்தான். பழக்கமில்லாத கை, குறி தப்பிச் சுவரில் பட்டு அவனுக்கே வலித்தது. வாய் மட்டும் ஓயவில்லை. ஆனால் வாயால் விலா உடையாது. அதற்கு முன்பெல்லாம் அவள் நல்ல காதை மேலே வைத்து, செத்த காதைத் தலையணையில் புதைத்துத்தான் படுப்பாள். அவன் எழுந்திருக்கும் சத்தம் கேட்க வேண்டுமே. அந்த எட்டு மாதத்தில்தான் புரண்டு படுக்கப் பழகினாள். நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டால் உலகமே இல்லாமல் போகும். அப்படித் தூங்குவது எவ்வளவு சுகம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அக்காக்காரிதான் எங்கிருந்தோ விசாரித்து, கைக்கென்றே இருக்கும் இந்த டாக்டரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தழும்பை மட்டும் செதுக்கி எடுத்து, மாட்டிக்கொண்ட நாண்களை விடுவிக்கும் ஆபரேஷன். இதில் ஆளை மயக்க மாட்டார்கள். கையை மட்டும் மரக்க வைத்து, அவன் விழித்திருக்கும்போதே அறுப்பார்கள். நாண் உண்மையிலேயே விடுபட்டதா என்று தெரிய அவனாகவே மடக்கிக் காட்ட வேண்டுமாம்.

முடிந்ததும் டாக்டர் போனோடு வெளியே வந்தார். மனுஷனுக்கு அவ்வளவு பூரிப்பு.

"பயப்படாதீங்கம்மா. ஒரு சந்தோஷமான விஷயம் காட்டுறேன், பாருங்க."

திரையில் பச்சைத் துணிகளுக்கு நடுவே ஓர் உள்ளங்கை விரியத் திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக, பளபளவென்று, நாண்கள். 'மூடுங்க' என்று டாக்டரின் குரல். பாவாடைக்குள் நாடா ஓடுவதுபோல அவை வழுக்கிக்கொண்டு ஓடின. நாலு விரலும் மடங்கின. முஷ்டி. 'திறங்க.' திறந்தது. அடுத்தது சொல்வதற்குள் அதுவாகவே மறுபடி மூடிக்கொண்டது.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே மூடுது பாருங்க! அவ்வளவு ஆர்வம்" என்று டாக்டர் சிரித்தார்.

அவள் ஓர் அடி பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டாள். திரையில் இருந்த கை அவளுக்குப் பழக்கமானது, அதனால். டாக்டர், ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நினைத்துப் போனை அணைத்தார்.

அன்று சாயங்காலமே கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ பெண் வந்தாள். துறுதுறுவென்று இருப்பாள், அக்கா அக்கா என்று வாய் ஓயாது.

"இனிமே எல்லாம் உங்க கையிலதான் அக்கா இருக்கு. மணிக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து. நீங்க அவரோட விரலைப் பிடிச்சு மூடி விடுங்க. அப்புறம் விட்டுடுங்க, அவரா பிடிச்சு நிக்கணும். உங்க விரலையே அளவா வெச்சுக்கோங்க. முதல்ல நாலு விரலையும் சேத்து அவர் உள்ளங்கையில வைங்க, அதை அவர் இறுக்கணும். அப்புறம் மூணு விரல், ரெண்டு, ஒண்ணு. கடைசியில உள்ள எதுவுமே இல்லாம விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டுடணும். அதுதான் நமக்கு வேணும்."

"வலிக்காதாம்மா?"

"வலிக்கும். அதுக்குத்தான் மாத்திரை. பயிற்சிக்கு முன்னாடி குடுங்க. பாவம்னு விட்டுடாதீங்க. கையை அசைக்காம வெச்சிட்டா பசை போட்ட மாதிரி பழையபடி ஒட்டிக்கும். அப்புறம் டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் நகையைப் பெட்டியில் வைப்பதுபோல மனசில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி தலையணையைச் சரிசெய்ய அவள் குனிந்தபோது அவன் அவளுடைய நல்ல காதைப் பார்த்து, காதலைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான்: "எட்டு மாசத்துக் கணக்கையும் சேத்து வெச்சிருக்கேன்டி. ஒண்ணையும் மறக்கலை."

ஆகவே அவள் செய்தது இதுதான். கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எந்த மாத்திரை வலியை மட்டும் எடுக்கும், எது ஆளையே எடுத்துப் படுக்கப்போடும் என்று தெரியும். கூட ஒன்று சேர்த்துக் கொடுத்தாள். அவன் தூங்கினான். தூங்கியதும் கையைப் பலகையில் வைத்துக் கட்டினாள். பிசியோ பெண் போனில் "பண்றீங்களா அக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் "விடாம பண்றேம்மா" என்றாள். அவன் விழித்திருக்கும்போது ஒப்புக்கு இரண்டு தடவை மடக்கி விட்டுவிட்டு, வலிக்குதுங்களா, போதும் படுங்க என்றாள். தழும்பு அதன் வேலையைப் பார்க்கட்டும். அவளுக்கு அந்தக் கை ஒட்டிப்போக வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவள் வாழ்க்கையில் வேண்டுவதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அந்த இழுவைச் சத்தம்தான் விடவில்லை. ஓரிரு நாளில் அதற்கும் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. மணிக்கு ஒருதரம் வந்தது. பத்து சொடக்கு. பிறகு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொடப்போகும்போது அவள் முதுகு தானாகவே விறைத்துக்கொள்ளும். துணி மடித்துக்கொண்டிருந்தாலும், கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாலும், குளியலறையில் தலையில் தண்ணீர் விழும்போதும் அது வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் கை சாதுவாகக் கிடக்கும். முடிச்சு நெகிழ்ந்திருக்கும்.

செத்த காதில் சில பேருக்கு இரைச்சல் கேட்கும் என்று எங்கேயோ படித்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டுப் பிரிக்கிற நாளன்று அக்காக்காரியும் கூட வந்தாள். பிசியோ பெண் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்க அவிழ்க்க, ஸ்பிரிட் வாசனையும் அடைபட்ட தோலின் புளித்த வாசனையும் வந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீங்கியிருக்கட்டும். விறைத்திருக்கட்டும். பலகை மாதிரி இருக்கட்டும். ஒரு வாரமாக அசையாத கை வேறு எப்படி இருக்கும்?

"மூடுங்க அண்ணா."

மூடியது.

சுண்டுவிரல் முதலில், பிறகு மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி. நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதுபோல உள்ளே போயின.

"அய்யோ அக்கா!" பிசியோ பெண் கத்தியே விட்டாள். "ஒரு விரல்தான் இடைவெளி! ஒரே வாரத்துல! டாக்டர், இங்க வந்து பாருங்க!"

டாக்டர் வந்து பார்த்தார். அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் தம்பிக்காக ராப்பகலா முழிச்சிருக்கா பாருங்க. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பா?"

"நான் என்னத்தப் பண்ணேன்? பாதி நேரம் தூங்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான் அவன். "எல்லாம் இவதான்."

"கூட இருக்கிறவங்க விடாம பண்ணாதான் இப்படி வரும். தினமும் சாயங்காலம் வீடியோ கால்ல கையைக் காட்டுங்க அக்கா. மத்தவங்களுக்குக் காட்டணும்னு டாக்டர் ஆசைப்படுறாரு."

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

அக்காக்காரி மருந்து வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நின்றுவிட, இவர்கள் இருவரும் வாடகைக் காரில் திரும்பினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவன் கையை நீட்டினான். "குடு. பயிற்சி நேரம்."

நாலு விரலையும் சேர்த்துக் கொடுத்தாள். இறுக்கினான். இறுக்கியபடியே டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தான்: முன் டயர் இடது பக்கம் தேய்ந்திருக்கிறதே, பார்க்கவில்லையா, காற்று அதிகமாக வைக்கிறீர்களா, இந்த வெயிலில் வெடித்துவிடும் தம்பி, ஒருநாள் கடைக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துக் கொடுக்கிறேன். குரலில் அவ்வளவு அக்கறை. அவளுடைய விரல் நுனிகள் சிவந்து, நீலமாகி, கடைசியில் மெழுகு நிறத்துக்கு வந்தன. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தினால் என்ன ஆகும் என்பதில் அவளுக்கு அனுபவம் உண்டு. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இந்த வயசுலயும் கையை விட மாட்டேங்கிறீங்களே" என்று கேலி செய்தான்.

"விடவே மாட்டேன்" என்றான் அவன்.

வீட்டுக்குள் வந்ததும் பீரோவுக்கு மேலிருந்து பாட்டிலை எடுத்தான். எட்டு மாதமாக அது அங்கேயே இருந்தது; மூடியைத் திருக இரண்டு கையும் வேண்டும், அவள் திறந்து கொடுக்க மாட்டாள், அக்காவிடம் கேட்க வெட்கம். இன்றைக்கு அவனே திருகினான். டக். மூடியை அவள் முகத்துக்கு நேரே, பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவதுபோலக் காட்டினான்.

"நாளைக்கு முழுசா மூடிரும்" என்றான். "நாளன்னைக்கு ஆரம்பிப்போம்."

மறுநாள் காலையிலிருந்தே மழை. காலையிலிருந்தே குடித்தான். மதியம் கட்டிலில் சாய்ந்து, நாக்குக் குழற, வலிக்கிறது மாத்திரை கொண்டா என்றான். அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மருந்துக்கடையில் நின்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்: இதைப் போட்டுக்கொண்டால் அதைத் தொடக்கூடாது அண்ணா, மூச்சே நின்றுவிடும். அவள் எப்போதும் கொடுப்பதைவிட அதிகமாகவே எடுத்து, பொடித்து, பாலில் கலந்து கொடுத்தாள். தெரிந்தேதான் கொடுத்தாள். தூங்கட்டும், அந்தக் கை தூங்கட்டும், அதற்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

பிறகு பலகை. துண்டு. துண்டுக்கு மேல் பழைய புடவையைக் கிழித்து ஒரு சுற்று. மூன்று முடிச்சு. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இன்றைக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்துவிடுவது. திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்ததால் அறைக்குள் அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம். மழை ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் விழுவதும், அவனுடைய மூச்சு தொண்டையில் மாட்டி மாட்டி வெளியேறுவதும் வலது காதில் கேட்டுக்கொண்டிருந்தன. பிராந்தி நெடி. ஈரச் சுவரின் வாசனை. அவற்றுக்கு அடியில், எட்டு மாதமாக இந்த வீட்டில் இல்லாத ரப்பர் வாசனை.

பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது.

இழுவை.

துண்டு எழும்பியது. போர்வைக்குள் எலி நுழைந்தாற்போல, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் முதலில் ஒரு மேடு. பிறகு அதற்கடுத்த விரல். பிறகு அடுத்தது. முடிச்சுகள் ஒவ்வொன்றாக முனகின. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் ஓரம் எச்சில் வழிய, புருவம்கூட அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். கைக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது.

சொடக்கு.

இரண்டு கையாலும் அதை அழுத்தினாள். எழுந்து நின்று தன் கனம் முழுவதையும் வைத்து அழுத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் அது நெளிந்தது. நாண்கள் ஓடுவது துணியையும் மீறித் தெரிந்தது. நாடா ஓடுவதுபோல. அவளைத் தூக்கியது. ஆத்திரமில்லை, அவசரமில்லை. மூடியது, நின்றது, திறந்தது. மூடியது, நின்றது, திறந்தது. அவள் அழுதுகொண்டே அழுத்தினாள். பத்தாவது சொடக்கோடு அது அடங்கியது, பாடம் முடித்த பிள்ளைபோல.

அப்போதுதான் கவனித்தாள். வலது காதில் மழை மட்டும் கேட்டது.

குறட்டை இல்லை.

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மார்பில் கை வைத்துப் பார்த்தாள். இமையை நீக்கிப் பார்த்தாள். பாதம் குளிர்ந்து கிடந்தது. எப்போது நின்றதோ தெரியவில்லை. முதல் சொடக்குக்கு முன்பா, பிறகா. அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். வெட்கங்கெட்ட, வயிறு நிறைந்த சந்தோஷம். சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். முடிந்தது. இனி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரண்டு படுக்கலாம்.

முகம் கழுவினாள். தலை வாரிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று, அவனுடைய அக்காவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள்: "தூங்கிட்டுத்தான் இருந்தாரு அண்ணி, எழுப்பினேன், எழுந்திரிக்கலை." நன்றாகத்தான் வந்தது. இனி பலகையை எடுக்க வேண்டும், கழுவி மேசைமேல் வைத்த பால் டம்ளரை உள்ளே வைக்க வேண்டும், கையை நேராக்க வேண்டும். பிறகுதான் கீழே போய் அண்ணியைக் கூப்பிட வேண்டும்.

முடிச்சுகளை அவிழ்த்தாள். பலகையை உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கை ஈர மணல் மூட்டையாகக் கனத்தது. தூக்கி அவன் மார்பில் வைக்கப் பார்த்தாள். தூக்குவதற்காக அவளுடைய வலது கையின் நாலு விரல்களும் அவன் உள்ளங்கைக்குள் இருந்தன.

சுண்டுவிரல் மடங்கியது.

மோதிரவிரல்.

நடுவிரல்.

ஆள்காட்டி.

செத்த உடம்பு விறைக்கும், துடிக்கும், கேள்விப்பட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். இழுத்தாள். வரவில்லை. முழங்காலைக் கட்டிலில் முட்டுக்கொடுத்து இழுத்தாள். உடம்பு முழுக்க இழுபட்டு வந்தது, தலை தலையணையிலிருந்து சரிந்து அவள் பக்கம் திரும்பியது. வாய் திறந்தபடி. பிடி விடவில்லை.

நாலு விரல் இடைவெளி. அதுதான் முதல் அளவு.

இழுவை.

மூணு விரல் இடைவெளி.

அவளுடைய விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பல்லால் அவன் கட்டைவிரலைக் கடித்தாள். ரப்பர் ருசி. அது பொருட்படுத்தவில்லை. பொறுமையாக ஓய்வெடுத்தது. எண்ணிக்கொண்டு.

கட்டில்மேல் கிடந்த போன் அடித்தது. வீடியோ கால். பிசியோ பெண்ணின் சிரித்த முகம் திரையில். எடுக்காவிட்டால் அந்தப் பெண் அண்ணியைக் கூப்பிடுவாள். அண்ணியிடம் சாவி இருக்கிறது. டம்ளர் மேசைமேல். பாட்டில் தரையில். முகம் இப்படித் திரும்பிக்கொண்டு. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், கொஞ்சமே கொஞ்சம், இதை விடுவித்துவிட்டால் போதும். இடது கையால் போனை எடுத்தாள். கேமராவைத் திருப்பி, அவன் சுண்டுவிரல் பக்கமிருந்து, முஷ்டியை மட்டும் காட்டினாள்.

"அக்கா! இருட்டா இருக்கே. ஆங், இப்பத் தெரியுது. அண்ணா தூங்குறாரா?"

"ம்."

"தூக்கத்துலயே இப்படி இறுக்குறாரா! அக்கா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

இழுவை. இரண்டு விரல் இடைவெளி. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல் உள்ளே இறங்கியது. கத்தவில்லை. அனுபவம்.

"இருங்க, கிட்டக் கொண்டு வாங்க. அடேங்கப்பா. இன்னும் போகுதே! அக்கா, இன்னும் உள்ள போகுது பாருங்க! நான் எண்ணுறேன், அப்படியே பிடிச்சு நிக்கட்டும்."

ஒரு விரல் இடைவெளி.

"விரல் நுனி தொட்டுடுச்சு! உள்ள எதுவும் இல்லையே அக்கா? உங்க விரல் எதுவும் வெக்கலையே?"

அவள் தோள்மேல் கிடந்த புடவையை வாயில் கவ்விக்கொண்டாள்.

"சூப்பர். ஒண்ணு" என்றாள் பிசியோ பெண்.

செத்த காதில் அந்தச் சொடக்கு கேட்டது. தெளிவாக, பக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நாலு தடவை. இந்தத் தடவை அது அவனுடைய விரல்களிலிருந்து வரவில்லை.

"ரெண்டு."

திரையில் முஷ்டி முழுசாக மூடியிருந்தது. நாலு நகமும் உள்ளங்கைத் தையலில் பதிந்திருந்தன. ஒரு நூல்கூட நுழைய இடமில்லை. அவளுடைய நாலு விரலும் உள்ளேதான் இருந்தன.